அனலினும் சிவப்புப் பொத்தானும்

பிலிப்பைன்ஸில் இலோயிலோ ஊர்க்காரர்கள் சண்டை போட்டாலும் தாலாட்டுப் பாடுவது போலத்தான் இருக்கும் என்று மணிலாக்காரர்கள் கேலி செய்வார்கள். அனலின் அதிலும் ஒரு படி மேல். பத்து வருஷத்துக்கும் மேலாகக் கால் சென்டரில் உட்கார்ந்து, கடல் கடந்து கத்துகிறவர்களிடம் எல்லாம் "உங்க வருத்தம் எனக்குப் புரியுதுங்க" என்று தேனொழுகப் பேசியே சம்பளம் வாங்கியவள். அவள் குரல் உயர்ந்து கேட்டவர்கள் யாரும் கிடையாது.

ஆனால் உள்ளுக்குள் ஏதோ ஒன்று சொட்டுச் சொட்டாக நிரம்பிக்கொண்டே வரும். நிரம்பி வழிகிற அன்றைக்கு எல்லாவற்றையும் ஒரே வீச்சில் தூக்கிப் போட்டுவிடுவாள். வேலையை விட்டதும் அப்படித்தான். ஒரு மத்தியானம், யாரோ ஒரு ஆள் போனில் மூன்றாம் முறையாக அவளை முட்டாள் என்றான். "ஒரு நிமிஷம் காத்திருங்க" என்று சொல்லிவிட்டு, காதுக்கருவியைக் கழற்றி நாற்காலிமேல் வைத்துவிட்டு, படியிறங்கி, நகரத்தின் ஹாரோ பகுதி வரைக்கும் வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள். கைப்பையைக்கூட எடுக்கவில்லை. மறுநாள் அவள் கணவன் எட்செல் போய் அதை வாங்கி வந்தான். அந்த ஆள் இன்னும் காத்துக்கொண்டிருப்பானோ என்று அவன் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

எட்செல் ஜீப்னி ஓட்டுகிறவன், பின்னால் இரண்டு நீள இருக்கை போட்டு ஆள் ஏற்றும் வண்டி. ஹாரோவுக்கும் மோலோவுக்கும் இடையே சொந்த வண்டி. அவனுக்கு எதிலும் அவசரம் கிடையாது.

போக்கர் சீட்டாட்டம் அவளுக்குக் கால் சென்டர் நாட்களிலேயே ஒட்டிக்கொண்டது. பக்கத்து இருக்கை ரோமெல்தான் சொல்லிக் கொடுத்தான். வேலையை விட்ட பிறகு அதுவே பிழைப்பில் பாதி ஆயிற்று. மீதிப் பாதி, வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கடைகளுக்குக் கணினியில் செய்து கொடுக்கும் சில்லறை வேலைகள். வாரம் பூராவும் சின்னப் போட்டிகள். திங்கட்கிழமை காலையில் பெரிய போட்டி. அமெரிக்காவில் அப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் இணையத்தில் வந்து உட்காருவார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு சில்லு. ஆளுக்கு இரண்டு சீட்டு, மேசையில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து. சில்லு தீர்ந்தவன் வெளியே. கட்டாயமாகப் போட வேண்டிய பந்தயம் நேரம் போகப் போக ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால், சும்மா உட்கார்ந்து காலம் தள்ளவும் முடியாது.

திரையின் கீழ் மூலையில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் கையில் இருக்கிற சில்லு அத்தனையும் ஒரே தள்ளாக நடுவே போய்விடும்.

மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அனலின் கடைசி இரண்டு மேசைகள் வரைக்கும் போய்விட்டாள். அத்தனை தூரம் அதற்கு முன் போனதில்லை. இரண்டு ராஜாக்கள் கையில் வந்தன. எதிராளி ஐந்து கிளாவர் சேர இன்னும் ஒன்றுக்காகத் தொங்கிக்கொண்டிருந்தான். மேசையில் கடைசிச் சீட்டாகக் கிளாவர் விழுந்தது. அவளுடைய சில்லில் பாதி போயிற்று. பாதி இன்னும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆடலாம். அடுத்த ஆட்டத்தில் ஒரு ராஜாவும் ஏழும் வந்தன, குப்பைக் கை. அவள் விரல் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டது. எதிரே ஒருவன் இரண்டு ஏஸை வைத்துக்கொண்டு காத்திருந்தான். சாப்பிட்டு முடிப்பதற்கு முன் இலையை எடுத்துவிட்டது போல எல்லாம் முடிந்துபோனது.

பக்கத்து வீட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நாத்தனார், எல்லாரும் மனாங், அதாவது அக்கா, என்று கூப்பிடும் மனாங் பெலிக்கு அன்று மாலையே விஷயம் தெரிந்துவிட்டது.

"என்னடி, மறுபடியும் எல்லாத்தையும் தள்ளிட்டியாமே?"

"ஆமா மனாங்."

"நான் ஒரு அடுப்புல பன்றிக் குழம்பு கொதிக்கும்போது உப்புப் பத்தலன்னா, உப்பு ஜாடியையே கவுத்திட மாட்டேன். உனக்கு மட்டும் எப்படி இப்படி வருது?"

அதைக் கண்டுபிடிக்கத்தான் அவள் ரோமெலைக் கூப்பிட்டாள்.

ரோமெல் இன்னும் கால் சென்டரில்தான் இருந்தான். அவனும் திங்கட்கிழமை ஆடுகிறவன்தான். அவளைவிட மோசமாகத் தோற்கிறவன். அந்த வாரம் விடுமுறை நாளில் வீட்டுக்கு வந்தான். அவள் வெளியே போன கடைசி ஆட்டங்களை எல்லாம் இருவரும் ஒவ்வொன்றாகத் திரையில் ஓட்டிப் பார்த்தார்கள். ஆடிய ஆட்டமெல்லாம் போக்கர் இணையதளத்தில் பதிந்திருக்கும்.

"இதைப் பாரு," என்றான் ரோமெல். "இதுக்கு முந்தின ஆட்டத்துலதான் ஒருத்தன் பொய் சொல்லி உன்னை ஏமாத்துனான். உடனே தள்ளியிருக்க. இதுலயும் அதேதான். இதுலயும். சரி, கோவம். ஆனா இது என்ன? இங்க ஒண்ணுமே நடக்கலையே. ஒருத்தனும் உன்னைச் சீண்டல. ஏன் தள்ளுன?"

அனலின் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று நல்ல சீட்டு ஒன்றுகூட வரவில்லை. வந்ததையெல்லாம் ஆடாமல் கீழே வைத்து வைத்து, காத்திருந்து காத்திருந்து, கண் பூத்துப் போயிருந்தது.

"முடிஞ்சா போதும்னு இருந்துச்சு," என்றாள்.

"ஜெயிச்சா போதும்னா?"

"ஜெயிக்கிறதெல்லாம் இல்ல. எப்படியாவது முடிஞ்சுட்டா போதும்னு. அதை அழுத்துன உடனே அப்பாடான்னு இருக்கும். தோத்ததுக்கு அப்புறம்தான் அழுகை வரும்."

ரோமெல் சிரிக்கவில்லை. "எனக்கும் அப்படித்தான்டி இருக்கும்," என்றான். "நான் அதைத் தைரியம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

அதற்குப் பிறகு அவள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். விரல் சிவப்புப் பொத்தானை நோக்கிப் போகிறபோது, இரண்டு கையையும் எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவது. பிறகு வாய்விட்டுக் கேட்பது: "என்கிட்ட எவ்வளவு இருக்கு? எனக்கு அப்புறம் யார் பேசணும்?" சில வாரங்கள் கழித்து இன்னொரு கேள்வியும் சேர்ந்தது, அதுதான் கஷ்டமான கேள்வி. "முந்தின ஆட்டத்துல என்ன நடந்துச்சு? அதுக்காகவா இப்ப தள்ளுறேன்?" யோசிக்கத் தளம் கொடுக்கும் கூடுதல் நேரம் இதற்குப் போதும்.

முதல் நாள் பக்கத்து அறையிலிருந்து இதைக் கேட்ட எட்செல், அவள் ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்து டிவி சத்தத்தைக் குறைத்தான்.

விஷயத்தை அவனிடம் சொன்னபோது அவளே ஒரு வாக்கும் கொடுத்தாள். "தோத்தா தோத்துட்டுப் போறேன். ஆனா இனிமே ஒரு தடவை ஆவேசத்துல எல்லாத்தையும் தள்ளுனேன்னா, திங்கட்கிழமை ஆட்டத்தை அன்னையோட விட்டுடுறேன்."

"தோத்தியா, ஆவேசத்துல தோத்தியான்னு எனக்கு எப்படி இண்டாய் தெரியும்?" அவளை அவன் செல்லமாகக் கூப்பிடுவது இண்டாய் என்றுதான்.

"நீ கேளு. நான் பொய் சொல்ல மாட்டேன்."

அது நடந்து மழைக்காலமும் வந்துவிட்டது. நல்ல நாளும் கெட்ட நாளுமாகத் திங்கட்கிழமைகள் போயின. வாக்கு மட்டும் உடையவில்லை.

பிறகு அந்தத் திங்கட்கிழமை வந்தது. விடியற்காலையில் தொடங்கிய ஆட்டம், எட்செல் காலைச் சவாரிகளை முடித்துவிட்டுச் சாப்பிட வந்தபோதும் நடந்துகொண்டிருந்தது. பூண்டு போட்டு வறுத்த சோற்றையும் உலர்ந்த மீனையும் தட்டில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் வந்து நின்றான். திரையில் ஒரே ஒரு மேசைதான் இருந்தது.

"மத்த மேசையெல்லாம் எங்க?"

"இல்ல. இதுதான் கடைசி மேசை."

எட்செல் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான்.

மேசையில் ஆறு பேர். அனலின் மூன்றாவது இடத்தில் இருந்தாள். அவளுக்குக் கீழே இருந்தவர்களில் இரண்டு பேர் ஏறக்குறைய காலி. எந்த நேரமும் போய்விடுவார்கள். ஒவ்வொருவர் வெளியே போகும்போதும் மிச்சம் இருக்கிறவர்களின் பரிசு ஏறும். எல்லாரையும்விட அதிகச் சில்லு வைத்திருந்தது, அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு ஃபின்லாந்துக்காரன். கிழட்டு ஆடு என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தான். அவள் கட்டாயப் பந்தயம் போடும் முறை வரும்போதெல்லாம் பந்தயத்தை ஏற்றிவைத்து, அவளை விலக வைத்து, அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். பிடுங்கியதும் அரட்டைப் பெட்டியில் ஒரு சிரிப்பு முகம் போடுவான்.

"இந்த ஆட்டுக்கு இன்னைக்குக் கசாப்புதான்," என்றாள் அனலின், தாலாட்டுக் குரலில்.

அவள் கை தொடைக்கு அடியில் இருப்பதை எட்செல் பார்த்தான். தட்டோடு தள்ளி நின்றுகொண்டான்.

அப்போது மின்விசிறி மெல்லச் சுற்றி நின்றது. பக்கத்துக் கடையில் குளிர்பெட்டியின் உறுமல் அடங்கியது. தெரு முழுக்க "ஹாஆய்" என்று ஒரு சலிப்பு எழுந்தது. மின்சாரம் போய்விட்டது.

மடிக்கணினி பழசு. அதன் பேட்டரி ஒரு தேநீர் குடிக்கிற நேரம்கூடத் தாங்காது. இணையப் பெட்டியும் செத்துவிட்டது. திரை நடுவில் 'இணைப்பு இல்லை' என்று ஒரு சக்கரம் சுற்றத் தொடங்கியது. அனலின் போனை எடுத்து அதிலிருந்து இணைப்பைக் கொடுக்க முயன்றாள். விரல்கள் வழுக்கின. கடவுச்சொல்லை இரண்டு தடவை தப்பாக அடித்தாள்.

"போச்சு," என்றாள். "போச்சு எட்செல். ஆள் இல்லன்னா அதுவே சீட்டைக் கீழ வச்சிடும். பந்தயத்தை மட்டும் எடுத்துக்கிட்டே இருக்கும். ஒண்ணு ஒண்ணா உருவி எடுத்துடும்."

இணைப்பு திரும்ப வந்தபோது பேட்டரிக் குறி சிவப்பாக இருந்தது. கையில் ஒரு பத்தும் நாலும். அவள் விரல் திரையின் கீழ் மூலைக்குப் போயிற்று. எப்படியும் கணினி சாகப் போகிறது. செத்த பிறகு சும்மா சில்லுப் போவதைவிட, இப்போதே அத்தனையையும் தள்ளிவிட்டு வந்தது வரட்டும் என்று இருந்தால் என்ன? அந்த நினைப்பு அத்தனை நியாயமாக, அத்தனை புத்திசாலித்தனமாக இருந்தது. நெஞ்சுக்குள் அப்பாடா என்ற அந்தச் சுகம் முன்கூட்டியே வரத் தொடங்கிவிட்டது. அந்தச் சுகத்தை வைத்துத்தான் அவள் அதை அடையாளம் கண்டுகொண்டாள். விரலை இழுத்துக்கொண்டாள்.

"வண்டியில இன்வெர்ட்டர் இருக்கே," என்றான் எட்செல். "பாட்டுப் பெட்டிக்கு வச்சிருக்கிறது. அதுல சொருகு."

"இப்பவா?"

"பின்ன எப்ப? எழுந்திரு."

திறந்த மடிக்கணினியைக் குழந்தையை ஏந்துவது போல ஏந்திக்கொண்டு அவள் தெருவுக்கு ஓடினாள். வயரை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் ஓடினான். ஜீப்னியின் பின்பக்கம் ஏறி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், நீள இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எட்செல் இன்ஜினை முடுக்கினான். வண்டி முழுக்க உதற ஆரம்பித்தது. கண்ணாடி மேலே ஒட்டியிருந்த படத்தில், கையில் மெழுகுவர்த்தி ஏந்திய ஹாரோ மாதா நடுங்கினாள். இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. பேட்டரிக் குறியில் ஒரு சின்ன மின்னல் கோடு வந்தது.

அவள் மூச்சு விட்டாள். பிறகு திரையைப் பார்த்தாள். தூக்கிக்கொண்டு ஓடி வந்த நேரத்தில் அறுந்திருந்த இணைப்பு இப்போதுதான் ஒட்டிக்கொண்டது. இடையில் ஓர் ஆட்டம் அவள் இல்லாமலே போயிருந்தது. அதில் அவளுக்கு வந்த சீட்டு இன்னும் மங்கலாகத் தெரிந்தது. இரண்டு ராணிகள்.

அரட்டைப் பெட்டியில் கிழட்டு ஆடு கேட்டிருந்தது: 'தூங்கிவிட்டாயா?'

"ஏங்க, மோலோ போகுமா?"

இன்ஜின் சத்தம் கேட்டு ஒரு பெண்மணி மீன் கூடையோடு பின்படியில் ஏறிவிட்டாள். அவளுக்குப் பின்னால் பள்ளிக்கூட வாத்தியார் போல ஒருவர்.

"போகாது மனாங்," என்றான் எட்செல். "சம்சாரம் உள்ள வேலையா இருக்கா."

"என்ன வேலை?"

"கம்ப்யூட்டர் வேலை."

"எத்தனை நேரம் ஆகும்?"

"அது அவளுக்கும் தெரியாது."

"அப்ப நிழலா இருக்கு, உக்காந்துக்கிறேன்," என்று அவள் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வாத்தியாரும் குடையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

திரையில் சீட்டு விழுந்தது. அனலினுக்கு ஒரு ஏஸும் எட்டும். மற்ற எல்லாரும் கீழே வைத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது அவளும் கிழட்டு ஆடும்தான். அது தன் சில்லு மலையை அப்படியே நடுவில் தள்ளிவிட்டது. அவள் ஒப்புக்கொண்டு தோற்றால் வெளியே.

பொய், என்று அவளுக்கு உடம்பு முழுக்கத் தெரிந்தது. காலையிலிருந்து என்னிடம் பிடுங்கித் தின்கிறான். ராணிகள் போயின. தூங்கிவிட்டாயா என்கிறான். என் கையில் ஏஸ் இருக்கிறது.

கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள்.

"என்கிட்ட எவ்வளவு இருக்கு?" என்றாள் வாய்விட்டு. "இன்னும் தாங்கும். எனக்குக் கீழ ரெண்டு பேர் கழுத்தளவு தண்ணியில நிக்கிறாங்க. அவங்க போகட்டும். நான் ஏன் முந்திக்கணும்?"

மீன்காரப் பெண்மணி வாத்தியாரைப் பார்த்தாள்.

"முந்தின ஆட்டத்துல என்ன நடந்துச்சு?" அனலினின் குரல் கொஞ்சம் உடைந்தது. "ராணி போச்சு. அது போச்சு. அது இந்த ஆட்டத்துல கிடையாது."

நேரக் கோடு குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒரு கையை மட்டும் வெளியே எடுத்து, சீட்டைக் கீழே வைத்தாள்.

கிழட்டு ஆடு வேண்டுமென்றே தன் சீட்டைத் திறந்து காட்டியது. ஒரு இரண்டும் ஏழும். போக்கரில் அதைவிடக் கேவலமான கை கிடையாது. கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

அனலினின் காது மடல் வரைக்கும் சூடேறியது. கண் கலங்கித் திரை மங்கலாயிற்று. பத்து வருஷமாகக் காதில் வந்து விழுந்த அத்தனை வசவும் ஒன்று சேர்ந்து வந்தது போல இருந்தது. அடுத்த சீட்டு வந்துவிட்டது. ஒரு ராஜாவும் ஜாக்கியும். பார்க்க அழகான கை. அவளுக்கு முன்னால் பிரேசில்காரன் ஒருவன் ஏற்றியிருந்தான். அவன் வெகுநேரமாக ஒரு ஆட்டத்திலும் வாயே திறக்காதவன். அவளுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. வலது கை தானாக வெளியே வந்துவிட்டது. விரல் சிவப்புப் பொத்தான்மேல் நின்றது.

"இண்டாய்," என்றான் எட்செல். அவ்வளவுதான் சொன்னான். அவனுக்கு ஆட்டம் தெரியாது. அவள் தோள் ஏறியிருந்த விதம்தான் தெரிந்தது.

அவள் கையை இழுத்துத் தொடைக்கு அடியில் அழுத்தினாள். நகம் இருக்கையின் ரெக்சினில் பதிந்தது.

"முந்தின ஆட்டத்துல என்ன நடந்துச்சு?" என்று ஆரம்பித்தாள். மறுபடியும் கேட்டாள். "ஏமாத்திட்டான். சிரிச்சான். அதுக்காகத்தான் தள்ளப் போறேன். சீட்டுக்காக இல்ல."

"அந்தப் பொண்ணுக்குக் குளிருதா?" என்று மீன்காரப் பெண்மணி எட்செலிடம் மெதுவாகக் கேட்டாள். "கைய அடியில வச்சிருக்கே."

"இல்ல மனாங். அடக்கிக்கிட்டு இருக்கா."

"எதை?"

"தன்னையேதான்."

அனலின் சீட்டைக் கீழே வைத்தாள். அவளுக்கு அப்புறம் பேச வேண்டியவன், கழுத்தளவு தண்ணீரில் நின்ற இரண்டு பேரில் ஒருவன், பொறுக்க மாட்டாமல் எல்லாவற்றையும் தள்ளினான். பிரேசில்காரன் இரண்டு ஏஸைத் திறந்தான். தள்ளியவன் காணாமல் போனான். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியது தான்தான் என்பது அவளுக்கு உடனே உறைத்தது. முதுகில் வேர்வை கோடு போட்டு இறங்கியது.

ஐந்து பேர். கொஞ்ச நேரத்தில் நான்கு. தெருவில் மின்சாரம் இன்னும் வரவில்லை. மனாங் பெலி பனையோலை விசிறியோடு வெளியே வந்து, வண்டிக்குள் எட்டிப் பார்த்து, ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எட்செல் உதட்டில் விரலை வைத்ததும் பேசாமல் மீன்காரப் பெண்மணிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து அவளுக்கும் சேர்த்து விசிறத் தொடங்கினாள். பிரேசில்காரன் ஒரு கெட்ட சீட்டில் எல்லாவற்றையும் இழந்து போனான். இப்போது மூன்று பேர்.

அனலின்தான் மூவரில் ஏழை. கட்டாயப் பந்தயம் ஏறி ஏறி, இன்னும் சில சுற்றுக்குத்தான் சில்லு இருந்தது. அவளுக்கு இரண்டு பத்துகள் வந்தன. கிழட்டு ஆடு வழக்கம்போல ஏற்றியது.

கை தொடைக்கு அடியிலேயே இருந்தது. இப்போது அது வெளியே வர மறுத்தது. இத்தனை நேரம் பிடித்து வைத்துப் பிடித்து வைத்து, வைத்துக்கொண்டே இருப்பதுதான் பத்திரம் என்று உடம்புக்குப் பழகிவிட்டது. கீழே வைத்துவிடலாம். மூன்றாவது ஆள் போகக் காத்திருக்கலாம். ஆனால் அவன் போகிற நிலையில் இல்லை. இதுவும், முடிந்தால் போதும் என்று தள்ளிவிடும் அதே கோழைத்தனத்தின் இன்னொரு முகம்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

"என்கிட்ட எவ்வளவு? கொஞ்சம்தான். காத்திருந்தா கரைஞ்சுடும். இன்னொருத்தன் கீழ வச்சிட்டான். ஆடு எந்தக் குப்பையிலும் ஏத்தும். முந்தின ஆட்டத்துல என்ன?" யோசித்தாள். நிஜமாகவே ஞாபகம் வரவில்லை. "ஒண்ணுமில்ல."

கையை எடுத்தாள். சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

கிழட்டு ஆடு ஒரு கணம் யோசித்து ஒப்புக்கொண்டது. ஏஸும் ஜாக்கியும் வைத்திருந்தது. பத்துகள் முன்னால் இருந்தன. மேசையில் மூன்று சீட்டு விழுந்தது, ஆபத்தில்லை. நான்காவது விழுந்தது, ஆபத்தில்லை. மனாங் பெலி விசிறுவதை நிறுத்தியிருந்தாள். ஐந்தாவதாக விழுந்தது ஒரு ஏஸ், ஆட்டின் ஏஸுக்கு ஜோடி.

திரையில் வாழ்த்துச் செய்தி ஒன்று வந்தது. மூன்றாமிடம்.

இன்ஜின் மட்டும் உதறிக்கொண்டிருந்தது. அனலின் மூடியைச் சாத்தினாள். எட்செல் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஆவேசமா?" என்றான்.

"இல்ல," என்றாள். "யோசிச்சுத்தான் தள்ளுனேன். இன்னொரு தடவை அதே சீட்டு வந்தாலும் தள்ளுவேன்."

அவன் தலையாட்டினான். அப்போதுதான் அவளுக்கு உதடு துடித்தது. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"என்ன ஆச்சும்மா? ஜெயிச்சியா?" என்றாள் மீன்காரப் பெண்மணி.

"மூணாவதா வந்தேன்."

"எத்தனை பேர்ல?"

"ஆயிரத்துக்கு மேல இருப்பாங்க."

பெண்மணி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். மனாங் பெலி மட்டும் அசரவில்லை. "ஆயிரம் பேரைத் தாண்டி வந்தவளுக்கு அந்த ரெண்டு பேரைத் தாண்ட என்ன கேடு?" என்றாள். சொல்லிவிட்டு விசிறியை அனலினின் மடியில் போட்டாள். "வேர்த்து ஊத்துது பாரு. வீசிக்க."

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "அப்ப இனிமேயாவது மோலோ போகுமா?"

எட்செல் அனலினைப் பார்த்தான். வீட்டுக்குள் மின்விசிறி ஓடாது. "போகும் சார்," என்றாள் அவள். முன்னிருக்கையில் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்து காற்று வந்தது. ஊர் நடுவே இருக்கும் ப்ளாசா மைதானத்தைத் தாண்டுவதற்குள் இருக்கைகள் நிரம்பிவிட்டன. பின்னாலிருந்து கைமாறிக் கைமாறிக் கட்டணம் முன்னால் வந்தது. அவள் வாங்கிச் சில்லறை கொடுத்தாள். இரண்டு தடவை தப்பாகக் கொடுத்துவிட்டாள்.

ரோமெலிடமிருந்து செய்தி வந்தது. ஆட்டம் நடக்கும்போது அடுத்தவர் யோசனை விதிக்குப் புறம்பு என்பதால் அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறான். 'வேலை நேரத்தில் கழிவறையில் ஒளிந்து பார்த்தேன். நீ கீழே வைத்த ஆட்டத்தில் பிரேசில்காரன் இரண்டு ஏஸைத் திறந்தபோது நான் கத்திவிட்டேன். மேற்பார்வையாளர் வந்து கதவைத் தட்டினார்.'

அதற்குப் பிறகு அனலின் பெரிய ஆட்டக்காரி ஆகிவிடவில்லை. வருஷக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, முதல் ஒரு மணி நேரத்திலேயே, ஒருவன்மேல் வந்த எரிச்சலில் ஒரு ராணியையும் மூன்றையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தள்ளினாள். எட்செல் சவாரியில் இருந்தான், பார்க்கவில்லை. சாப்பிட வந்தவனிடம் அவளே சொன்னாள்.

"அப்ப விட்டுடப் போறியா?" என்றான் அவன்.

"விடுறேன்னுதானே சொன்னேன்."

விட்டாள். திங்கட்கிழமைப் பெரிய போட்டிக்கு அவள் பெயர் கொடுப்பதில்லை. மனாங் பெலிகூட, ஒரு தடவைதானே, யார் பார்த்தார்கள் என்று பரிந்து பேசிப் பார்த்தாள். சின்னப் போட்டிகளில் இன்னும் ஆடுகிறாள். முன்னைவிட நன்றாகவே ஆடுகிறாள் என்று ரோமெல் சொல்கிறான். திங்கட்கிழமைக் காலைகளில் எட்செலோடு வண்டியில் போய் முன்னிருக்கையில் உட்கார்ந்து கட்டணம் வாங்குகிறாள். சில்லறை இப்போது தப்புவதில்லை.